வந்த செடி, வந்தவள்

எங்கள் வீட்டுக் கொல்லையில் கிணற்றடியை ஒட்டி ஒரு பாத்தி இருந்தது. அத்தை, அதாவது என் கணவரின் தாயார், அதில் மஞ்சள் கரிசலாங்கண்ணி வளர்த்துவந்தார். சித்த மருத்துவம் பொற்றலைக் கையாந்தகரை என்று சொல்லும் கீரை. வாரத்தில் ஒருநாள் பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு. மாதத்தில் ஒருநாள் அம்மியில் அரைத்துச் சாறு பிழிந்து தேங்காயெண்ணெயில் காய்ச்சுவார். சடசடப்பு அடங்கும் நேரத்தை அவர் காதால்தான் அறிவார். வீட்டில் அத்தனை பெண்களின் தலைக்கும் அந்த எண்ணெய்தான்.

எட்டு வருடங்களுக்கு முன் வீட்டைப் புதுப்பித்தோம். கார் நிறுத்தச் சிமெண்டுத் தளம் போட்டது போக முன்புறம் கொஞ்சம் மண் மிஞ்சியது. அந்த இடம் வெறுமையாகத் தெரிந்ததால் நர்சரியில் ஒரு தட்டு நாற்று வாங்கிவந்து நானே நட்டேன். வெடேலியா என்றார்கள். பளபளக்கும் பச்சை இலை, வருடம் முழுக்க மஞ்சள் பூ. “இதுக்குத் தண்ணிகூட ஊத்த வேணாம் மேடம், தானா வரும்” என்றார் விற்றவர். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அது தானாகவே வந்தது. சுவரோரமாகப் பக்கவாட்டுச் சந்தில் நுழைந்து, துளசி மாடத்தைச் சுற்றிக்கொண்டு, இரண்டு ஐப்பசி மழையில் கிணற்றடியை எட்டிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தைக்கு முடியவில்லை. நான் போய் இலை பறித்துவந்து எண்ணெய் காய்ச்சினேன். அத்தை கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனார். “இது நம்ம கரிசாலை இல்லம்மா. இதோட வாசமே வேற” என்றார். இருவரும் கொல்லைக்குப் போய்ப் பார்த்தோம். பாத்தி முழுக்க மஞ்சள் பூக்கள். அதில் ஒன்றுகூட அவர் வைத்த செடியின் பூ இல்லை.

குறிஞ்சிப்பாட்டின் பூக்களை ஒவ்வோராண்டும் வகுப்பில் வரிசையாகச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். என் வீட்டுக் கொல்லையில் இரண்டு இலைகளுக்கு வேறுபாடு தெரியாமல் நின்றேன். இந்தக் கட்டுரை அந்த வெட்கத்திலிருந்துதான் தொடங்குகிறது.

*

இரண்டு செடிகளும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை, கிட்டத்தட்ட ஒன்றுவிட்ட அக்கா தங்கை. மஞ்சள் கரிசலாங்கண்ணி ஆசியாவின் ஈரநிலங்களைச் சேர்ந்தது. அதன் இலை ஒடுங்கி நீண்டிருக்கும். வெடேலியா மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியத் தீவுகள் பக்கத்திலிருந்து வந்தது. இலை அகன்று, ஓரத்தில் மூன்று மடலாகப் பிரியும். அது விதையை நம்பிப் பிழைக்கும் செடியல்ல. தண்டின் ஒவ்வொரு கணுவும் மண்ணைத் தொட்ட இடத்தில் வேர்விடும். அறுத்துப் போட்டால் அறுந்த துண்டு ஒவ்வொன்றும் புதுச் செடி. உலகின் மிக மோசமான நூறு ஊடுருவல் உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் வெடேலியாவும் இருக்கிறது. அதே பட்டியலில் நம் காடுகளை மூடியிருக்கும் உண்ணிச்செடியும், ஏரிகளை மூடியிருக்கும் ஆகாயத்தாமரையும் இருக்கின்றன. இந்த மூன்றுமே அழகுக்காக அழைத்துவரப்பட்டவை.

உண்ணிச்செடியின் பயணம் நீளமானது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சுக்காரர்கள் அதைப் பிரேசிலிலிருந்து நெதர்லாந்துக்குக் கொண்டுபோனார்கள். அயல்நாட்டுச் செடி வளர்ப்பது அங்கே அப்போது செல்வத்தின் அடையாளம். பெண்களும் அதில் பெயர் பெற்றார்கள். ஐரோப்பாவில் முதன்முதலாக அன்னாசியைக் காய்க்கவைத்தவர் என்று ஆக்னஸ் பிளாக் என்ற டச்சுப் பெண்ணைச் சொல்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் பெண் நுழைய முடியாத காலத்தில் தாவரவியலுக்குள் நுழைய அவளுக்குத் திறந்திருந்த ஒரே கதவு தோட்டம். இதைப் பெண்ணிய வரலாறு பெருமையோடு சொல்லலாம். ஆனால் அந்தத் தோட்டங்களுக்குச் செடி கொண்டுவந்த கப்பல்கள் எதற்காகக் கடலில் ஓடின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஐரோப்பியக் கண்ணாடி வீடுகளில் உண்ணிச்செடியைக் கலந்து கலந்து புதுப்புது நிறங்களை உண்டாக்கினார்கள். இன்று உலகெங்கும் பரவியிருப்பது காட்டில் பிறந்த செடியல்ல, தோட்டக்காரர்கள் உருவாக்கிய கலப்பினங்களின் கூட்டம். அது 1809 வாக்கில் கல்கத்தாவிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியல் தோட்டத்துக்கு வந்தது. அங்கிருந்து வெள்ளையர் பங்களாக்களின் வேலிக்கும், படைமுகாம்களுக்கும், மலைவாசத் தலங்களுக்கும் போனது. பறவைகள் கறுத்த பழத்தைத் தின்று விதையைக் காட்டில் இட்டன. 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்தியக் காடுகளில் சுமார் 1,54,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் அது இருப்பதாகக் கணக்கிட்டது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர்தான்.

நீலகிரிக்கு வேறு செடிகளும் வந்தன. 1820களில் உதகையில் ஆங்கிலேயக் குடியிருப்பு தொடங்கிய பிறகு, ஊர் நினைவுக்காகவும் வேலிக்காகவும் மஞ்சள் பூக்கும் ஸ்காட்ச் புரூம், முள் நிறைந்த கோர்ஸ் ஆகிய புதர்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். யாரோ ஒருவரின் ஏக்கத்தைத் தணித்த அந்தப் புதர்கள் தோடர்களின் எருமை மேய்ந்த புல்வெளிக்குள் புகுந்தன. ஒருவருடைய வீட்டு நினைவு இன்னொருவருடைய வீட்டை எடுத்துக்கொள்வதைத்தான் குடியேற்றம் என்று வரலாற்றில் படிக்கிறோம்.

*

இந்த வரலாறுகளைத் தேடிப் படித்தபோது ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. ஆகாயத்தாமரையைக் கொண்டுவந்தது யார் என்ற கேள்விக்கு ஊருக்கு ஊர் ஒரு பெண் விடையாக இருக்கிறாள்.

வங்காளத்துக்கு அதைக் கொண்டுவந்தவர் வாரன் ஹேஸ்டிங்ஸின் மனைவி என்று இன்றும் எழுதுகிறார்கள். ஹேஸ்டிங்ஸ் 1785இல் இந்தியாவை விட்டுப் போய்விட்டார். ஆகாயத்தாமரை வங்காள நீர்நிலைகளில் பரவத் தொடங்கியதோ 19ஆம் நூற்றாண்டின் இறுதியில். நடுவில் ஒரு நூறாண்டு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளி கதையை நிறுத்தவில்லை. இலங்கைக்கு அது 1905 வாக்கில் ஆளுநரின் மனைவி வழியாக ஹாங்காங்கிலிருந்து வந்தது என்கிறார்கள். அப்போதைய ஆளுநர் ஹென்றி பிளேக் அதற்கு முன் ஹாங்காங்கில் ஆளுநராக இருந்தவர். அவருடைய மனைவி எடித் பிளேக் ஜமைக்காவின் பட்டாம்பூச்சிகளைப் பார்த்துப் பார்த்து வரைந்த ஓவியர். அந்த ஓவியங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1890 வாக்கில் பாலட்கா ஊருக்கு அருகே ஒரு தோட்டக் குளத்தில் மிஞ்சிய ஆகாயத்தாமரையைச் செயிண்ட் ஜான்ஸ் ஆற்றில் கொட்டினார்கள். மக்கள் வழக்கில் அதுவும் ஒரு வீட்டு எஜமானி செய்த காரியமாகவே சொல்லப்படுகிறது.

இவற்றில் ஒன்றிரண்டு உண்மையாகவே இருக்கட்டும். ஒரு பெண் கையில் ஒரு தொட்டிச் செடியோடு கப்பலிலிருந்து இறங்கியிருக்கலாம். ஆனால் அந்தக் கப்பலை அனுப்பிய கம்பெனி, செடிகளைக் கண்டம்விட்டுக் கண்டம் மாற்றிய அரசுத் தோட்டங்கள், ஆற்றை மறித்துப் போட்ட ரயில்பாதைக் கரைகள், விளைநிலக் கழிவைச் சுமந்து தேங்கிய நீர் எல்லாம் கதையிலிருந்து வெளியேறிவிடுகின்றன. ஒரு சீமாட்டியின் பூ ஆசை மட்டும் மிஞ்சுகிறது. நாடு கெட்டதற்குப் பெண்ணின் ஆசையைக் காரணம் காட்டுவது நம் இதிகாசங்களுக்கும் பழக்கமான உத்திதானே.

பழியைச் சுமத்த மனைவி போதாதபோது எதிரி நாடு உதவிக்கு வந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் வங்காளத்தில் ஆகாயத்தாமரையை ‘ஜெர்மன் பானா’ என்றும் அழைத்தார்கள். சிங்களத்தில் அதற்கு ‘ஜப்பான் ஜபர’ என்று பெயர். செடி தென் அமெரிக்காவைச் சேர்ந்தது என்பது பெயர் வைத்த யாருக்கும் தடையாக இல்லை. இலங்கையில் 1909இலும் வங்காளத்தில் 1936இலும் ஆகாயத்தாமரைக்கென்றே தனிச் சட்டம் வந்தது. 1937 தேர்தலில் வங்காளக் கட்சிகள் அதை ஒழிப்பதாகத் தங்கள் அறிக்கைகளில் வாக்குறுதி தந்தன. நெல்வயலும் படகுப் போக்குவரத்தும் மீன்பிடிப்பும் முடங்கியதால் வந்த அவசரம் அது. தண்ணீர் எடுக்கப் படித்துறையில் இறங்கி, செடியை இரு கையாலும் விலக்கிக் குடத்தை முக்கியவர்கள் அந்த வாக்குறுதிகளில் எங்கும் இல்லை.

*

பெயர் வைப்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நெய்வேலிக் காட்டாமணக்கு என்று நாம் அழைக்கும் செடியும் ஊதாப் பூவுக்காக வந்ததுதான். வாய்க்கால் கரையெங்கும் நிற்கும். வடக்கே இந்தியில் அதன் பெயர் ‘பேஷரம்’. வெட்கம் கெட்டது என்று பொருள். வெட்டினாலும் துளிர்க்கிறது, யாரும் பேணாமலே பூக்கிறது, அதனால் அதற்கு வெட்கமில்லையாம். இந்தப் பெயரை எந்தப் பெண்ணிடம் சொன்னாலும் விளக்கம் தேவைப்படாது.

இங்கேதான் எனக்குத் தயக்கம் வருகிறது. அந்நியச் செடி, ஆக்கிரமிப்பு, ஒழிப்பு, மண்ணின் மைந்தன் என்ற சொற்களைச் செடியைப் பற்றிப் பேசும்போது கூசாமல் பயன்படுத்துகிறோம். இதே சொற்கள் பிழைக்க வந்த தொழிலாளியை நோக்கியும், சாதி மாறி மணந்து வந்த மருமகளை நோக்கியும் வீசப்படுவதைப் பார்த்திருக்கிறோம். கல்யாணமாகி வந்த புதிதில் ஏதோ ஒரு பேச்சில் ஓர் உறவினர் என்னை ‘வந்தவ’ என்றார். பெண்ணாகப் பிறந்து மணமுடித்த பெரும்பாலோர் இந்தச் சொல்லைக் கேட்டிருப்போம். பிறந்த வீட்டில் போகிறவள், புகுந்த வீட்டில் வந்தவள். வேர் எங்கே என்று கேட்டால் எங்கே காட்டுவது?

ஆகவே எங்கிருந்து வந்தது என்பதை அளவுகோலாக வைத்துக்கொள்ள என்னால் முடியாது. அப்படி வைத்தால் நம் அடுக்களையே காலியாகிவிடும். மிளகாய், தக்காளி, மரவள்ளி, முந்திரி எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. தலையில் சூடும் சம்பங்கியும், வாசலில் தொங்கவிடும் துலுக்கச் சாமந்தியும் மெக்சிகோவிலிருந்து வந்தவை. மயானத்துக்கும் கோயிலுக்கும் பொதுவாகப் பூக்கும் நித்தியகல்யாணி மடகாஸ்கர் தீவைச் சேர்ந்தது. ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து தந்தது. இவையெல்லாம் வந்தவைதாம். வந்து, மற்றவை வாழ இடம்விட்டு வாழ்கின்றன.

வெடேலியாவின் குற்றம் அது மெக்சிகோப் பக்கம் பிறந்தது அல்ல. தன்னைத் தவிர இன்னொன்றை அது அந்தப் பாத்தியில் வாழவிடவில்லை. கீழாநெல்லி, பொன்னாங்கண்ணி, வல்லாரை, கரிசாலை என்று பல செடிகள் இருந்த நிலத்தை ஒரே செடியின் நிலமாக்கியது. ஒற்றையாக்கும் எதையும் எதிர்க்கலாம், அது எங்கே பிறந்திருந்தாலும். ‘தூய மண்’ என்று பேசும் அரசியலும் ஒருவகையில் வெடேலியாதான்.

*

களை என்ற சொல்லைத் தமிழிலக்கியத்தில் தேடினால் இரண்டு இடங்கள் எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும். ஒன்று திருக்குறள் 550. கொடியவரை அரசன் கொலைத் தண்டனையால் ஒறுப்பதைப் பயிரில் களை பறிப்பதோடு ஒப்பிடுகிறது. களையெடுத்தல் அங்கே செங்கோலின் செயல், ஆணின் செயல், வீரத்துக்கு அடுத்த செயல்.

மற்றொன்று புறநானூறு 61. சோழன் ஒருவனைப் பாடும் அந்தப் பாட்டில், தழையாடை உடுத்த கடைசியர், அதாவது வயலில் உழைக்கும் பெண்கள், நெய்தலையும் ஆம்பலையும் களையாகப் பறிக்கிறார்கள். புலவர்கள் பெண்ணின் கண்ணுக்கு உவமை சொல்லும் அதே நெய்தல். வரப்பில் நின்று பார்ப்பவருக்கு அது பூ. சேற்றில் குனிந்திருப்பவளுக்கு அது களை. மாணவிகளுக்கு இந்தப் பாட்டை நடத்தும்போது, எது பூ எது களை என்பதை யார் எங்கே நிற்கிறார் என்பது தீர்மானிக்கிறது என்று சொல்வேன். அழகாகச் சொல்லியிருக்கிறேன். என் கொல்லைக்கு அதைப் பொருத்திப் பார்க்க எனக்கு எட்டு வருடம் ஆனது.

உவமையில் களையெடுப்பவன் அரசன். வயலில் களையெடுப்பவள் பெண். இரண்டாயிரம் ஆண்டாக இது மாறவில்லை. உழவும் மருந்தடிப்பும் ஆண் வேலை என்றும், நடவும் களையும் பெண் வேலை என்றும் நம் வயல்கள் பிரிந்தே கிடக்கின்றன. கூலியும் அப்படியே பிரிந்திருக்கிறது. சம ஊதியச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது.

காட்டிலும் இதே கதைதான். உண்ணிச்செடி அடர்ந்தால் புல் அற்றுப்போகும். மானும் மாடும் மேயாது. விறகுக்கும் நெல்லிக்கும் கிழங்குக்கும் காட்டுக்குள் போகிற பழங்குடிப் பெண்களுக்கு வழி அடைபடும். அடுத்த புதருக்குப் பின்னால் யானை நின்றாலும் தெரியாது. கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில் வாழும் சோலிகர்கள், தாங்கள் காலங்காலமாக வைத்துவந்த சிறு தரைத்தீயை வனத்துறை தடைசெய்த பிறகே உண்ணிச்செடி இவ்வளவு மண்டியது என்கிறார்கள். அவர்களுடைய அறிவைக் களையென்று பறித்த இடத்தில்தான் உண்மையான களை முளைத்திருக்கிறது.

2022இல் தமிழ்நாடு அரசு, ஊடுருவல் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டது. முதுமலையில் ஒருகாலத்தில் அழகுக்காகவும் நிழலுக்காகவும் நட்ட மஞ்சள் கொன்றை இன்று வெட்டப்படுகிறது. உண்ணிச்செடியை எப்படி அகற்றுவது என்பதற்குத் தில்லிப் பேராசிரியர் சி.ஆர்.பாபு ஒரு முறையைக் காட்டினார். மேலே வெட்டினால் அது துளிர்க்கும்; தரைக்குச் சற்றுக் கீழே வேர்த்தண்டை அறுத்துத் தூரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும்; உடனே அந்த இடத்தில் புல் விதைக்க வேண்டும். வெட்டிய கழிகளை வேகவைத்துப் பட்டை உரித்து நாற்காலியும் கூடையும் செய்யப் பழங்குடி மக்கள் கற்றிருக்கிறார்கள். கூடலூர்ப் பக்கத்துக் கைவினைஞர்கள் அந்தக் கழிகளால் ஆளுயரத்தையும் தாண்டிய யானைகளைச் செய்தார்கள். அவை 2021இல் லண்டன் பூங்காக்களிலும் 2024இல் அமெரிக்காவிலும் நின்றன. பங்களாத் தோட்டத்துக்காக வந்த செடி, அது மூடிய காட்டின் யானையாக உருமாறிக் கடல் தாண்டிப் போயிருக்கிறது. வேலை தந்திருக்கிறது என்பதில் மகிழ்ச்சி. ஆனாலும், எவரோ நட்டதைப் பிடுங்கும் வேலைதான் அது.

*

என் கொல்லைக்குத் திரும்புகிறேன். வெடேலியாவைப் பிடுங்க மழை விட்ட மறுநாள்தான் சரியான நாள். மண் இளகியிருக்கும்போது கணுக்கணுவாய் வேரோடு வரும். காய்ந்த மண்ணில் இழுத்தால் தண்டு அறும், வேர் தங்கும். பிடுங்கியதைக் குப்பையிலோ சாக்கடையிலோ போடக் கூடாது. சிமெண்டுத் தளத்தில் பரப்பிச் சருகாகும்வரை வெயிலில் காயவிட வேண்டும். காரை வெளியே எடுத்துவிட்டு அந்தத் தளத்தை நாங்கள் இதற்குத்தான் பயன்படுத்தினோம். பிறகு மண்ணைச் சும்மா விடாமல் தடிமனாக வைக்கோல் போட்டு மூடினோம். பதினைந்து நாளுக்கொருமுறை தப்பித் துளிர்த்ததைத் தேடிப் பிடுங்க வேண்டும். இரண்டு மழைக்காலம் ஆனது.

‘நாங்கள்’ என்று எழுதிவிட்டேன். உண்மையில் முக்கால்வாசி வேலையைச் செய்தவர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஓர் அக்கா. வயதில் மூத்தவர் என்பதால் அக்கா என்பேன். அவர் என்னை டீச்சர் என்பார். முதல் மழைக்காலத்தில் அவரோடு மண்வெட்டி பிடிக்க வந்த ஆணுக்கு 700 ரூபாயும் அவருக்கு 400 ரூபாயும் கொடுத்தேன். ஊர் வழக்கம் அதுதான் என்று கேட்கக்கூடத் தோன்றாமல் எண்ணிக் கொடுத்தேன். அந்த வாரம்தான் கல்லூரியில் பெண்ணும் உழைப்பும் பற்றி ஒரு கருத்தரங்கில் பேசியிருந்தேன். இரண்டாம் மழைக்குத்தான் எனக்கு உறைத்தது. கூலியைச் சமமாக்கியபோது அக்கா பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, “தெரியாம கூட வச்சிட்டீங்களா டீச்சர்?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு முன்னால் என் கட்டுரைகள் எல்லாம் சின்னதாகிவிட்டன.

ஒருநாள் பிடுங்கிக்கொண்டிருக்கும்போதே அவர் நிமிர்ந்து, “இது பொய்க் கரிசாலை. அம்மா வச்சிருந்தது மெய்க் கரிசாலை. ரெண்டையும் தொட்டாலே தெரியுமே” என்றார். அவர் சொன்ன பிறகு தொட்டுப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. என் விரல் படித்தது வேறு பாடம்.

நற்றிணை 172ஆம் பாட்டில் ஒரு பெண் விளையாட்டாய்ப் புதைத்த விதை புன்னையாய் வளர்கிறது. தாய் அதை உனக்குத் தங்கை முறை என்கிறாள். அதன் நிழலில் காதலனோடு சிரித்துப் பேசவும் அவளுக்கு நாணமாக இருக்கிறது. ஒரு மரத்தின் முன் கூச்சப்படும் அந்த உறவைப் பல்லாண்டு பாடமாக நடத்தியிருக்கிறேன். அந்த உறவு என் வீட்டில் அத்தையிடம் இருந்தது, அக்காவிடம் இருந்தது. எனக்கு வந்து சேரவில்லை. தடுத்தது வெடேலியா மட்டுமல்ல.

போன புரட்டாசியில் அக்கா முந்தானையில் எதையோ முடிந்துகொண்டு வந்தார். அவர் ஊர் வாய்க்கால் கரையில் இன்னும் இருக்கிறதாம். ஈரத் துணியில் சுற்றிய ஏழு கொத்து, வேரும் மண்ணுமாக. அத்தை நாற்காலியில் உட்கார்ந்து இடத்தைக் காட்டினார், அக்கா குழி பறித்தார், நான் நட்டேன். ஏழில் நான்கு பிழைத்தன. இன்னும் பறிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தினமும் ஒருமுறை இலையைத் தொட்டுப் பார்க்கிறேன்.